கல்லா மேஜைக்கு வந்த கம்பித் தொலைபேசி

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கீழ மாசி வீதியில் அப்பா காலத்திலிருந்து நடக்கும் மளிகை மொத்தக் கடை. ஆர்டர்கள் எல்லாம் இதுவரை உங்கள் கைப்பேசிக்கே வந்துகொண்டிருந்தன; நீங்கள் வெளியே கிளம்பினால் கடைக்கு வாய் இல்லாமல் போய்விடுகிறது. அதனால் வயர் உள்ள மேஜைத் தொலைபேசி இரண்டு வாங்கியிருக்கிறீர்கள், ஒன்று கல்லாவுக்கு, இன்னொன்று பின்கட்டில் சரக்கு இருப்பு வைக்கும் கிட்டங்கிக்கு. எந்த வயரை எங்கே செருகுவது, அடியில் இருக்கும் சுவிட்சுகள் எதற்கு, 'ஃப்ளாஷ்' என்ற பொத்தான் என்ன செய்யும், கல்லாவில் எடுத்த அழைப்பைக் கிட்டங்கிக்கு எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருமுறை செருகிப் பார்த்தபோது காதில் இரைச்சல் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளுக்கு இன்டர்காம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். நீங்கள் செய்தது சரியான காரியம் என்று மனதாரச் சொல்கிறேன். கைப்பேசி ஓர் ஆளுக்குச் சொந்தம். மேஜைத் தொலைபேசி இடத்துக்குச் சொந்தம். உசிலம்பட்டியிலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் அழைத்தால் அவருக்கு வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கடை. யார் எடுத்தாலும் கடைதான் பதில் சொல்கிறது. அதற்கு அந்தக் கருவி எப்போதும் ஒரே இடத்தில், எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். அதன் உயிர் கம்பியில் இருக்கிறது. நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை கருவிக்குள்ளே இருந்தவை அல்ல. வயரிலும் செருகும் இடத்திலும் ரிசீவர் உட்காரும் விதத்திலும் இருந்தவை. அதனால் பொத்தான்களைவிட வயரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் உங்களுக்கு வந்திருக்கும் லைன் எந்த வகை என்று பாருங்கள். பழைய செம்புக் கம்பி லைனாக இருந்தால், தெருக் கம்பத்திலிருந்து கறுப்பு வயர் ஒன்று வந்து, சுவரில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பெட்டியில் முடியும். லைன்மேன்கள் அதை ரோசட் என்பார்கள். தொலைபேசியை நேராக அதில் செருகலாம். அதே கம்பியில் இணையமும் வந்தால் நடுவே குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டி இருக்க வேண்டும். அது இல்லாமல் செருகினால் காதில் மழை பெய்வது போன்ற ஓசை இடைவிடாமல் கேட்கும். உங்கள் இரைச்சல் இந்த வகையா என்று முதலில் பாருங்கள்.

இப்போது மாசி வீதிகளில் நான் போகும் கடைகளில் பெரும்பாலும் ஃபைபர் லைன்தான். சுவரில் விளக்குகள் மினுக்கும் ஒரு பெட்டி இருக்கும். அதன் பின்புறம் 'டெல்' அல்லது 'போன்' என்று எழுதிய துளை இருக்கும். தொலைபேசி அதில்தான் போக வேண்டும். பக்கத்திலேயே கணினிக்கான துளைகள் வரிசையாக இருக்கும். அவை சற்று அகலமானவை. தொலைபேசி வயரின் முனை சிறியது என்பதால் அந்த அகலத் துளையிலும் இலகுவாக நுழைந்துவிடும். நுழைந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். ஓரத்தில் இருக்கும் மெல்லிய உலோகக் கம்பிகள் வளைந்துவிட்டால், பிறகு அந்தத் துளை கணினிக்கும் உதவாது.

மூன்றாவது, வெளி லைனைக் கடைக்குள் பல தொலைபேசிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டர்காம் பெட்டி ஏற்கெனவே இருந்து, அதிலிருந்து எக்ஸ்டென்ஷனாக, அதாவது கிளையாக வரும் லைன். உங்கள் கடையில் அது இல்லை என்று தெரிகிறது. வாங்கலாமா என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இணையத்தில் ஓடும் ஐ.பி. தொலைபேசி என்று ஒன்று உண்டு. பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், ஆனால் செருகுவது கணினி வயரை. உங்கள் பெட்டியில் இருப்பவை அந்த வகை அல்ல என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இனி இடம். கல்லா மேஜையில் எந்தப் பக்கம் வைப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. வலது கையால் எழுதுகிறவர் உட்காரும் இடமென்றால் தொலைபேசி இடது பக்கம் இருக்க வேண்டும். ரிசீவரை இடது கையில் பிடித்து, வலது கையால் ஆர்டர் எழுத வேண்டும். வலது பக்கம் வைத்தால் ஒவ்வோர் அழைப்புக்கும் வயர் கணக்குப் புத்தகத்தின் குறுக்கே கிடக்கும். ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தால் கழுத்து வலியோடு அலைகிற குமாஸ்தாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தராசு, பில் போடும் மெஷின் இவற்றின் மின் வயர்கள் குவிந்து கிடக்கும் மூலையும் வேண்டாம். மிளகாய் வத்தல் மூட்டை பிரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அந்தத் தூள் ரிசீவர் உட்காரும் குழியில் இறங்கிப் பொத்தானைச் சிக்க வைத்துவிடும்.

இணைப்பதற்கு வருவோம். பெட்டியில் இருக்கும் இரண்டு வயர்களில் சுருள் சுருளாக இருப்பது ரிசீவருக்கு. அதன் இரு முனைகளும் சிறியவை. ஒரு முனை ரிசீவரின் அடியில், மறுமுனை கருவியின் இடது பக்கத்தில். நேராக இருப்பது லைன் வயர். முனை சற்று அகலம். அது கருவியின் பின்பக்கமோ அடியிலோ 'லைன்' என்று எழுதிய இடத்தில் போகும். ஒன்று மற்றொன்றின் இடத்தில் சரியாகப் பொருந்தாது, அதனால் பலம் கொடுத்து அழுத்த வேண்டிய தேவையே வராது. அழுத்த வேண்டியிருந்தால் இடம் தவறு. முனையில் நகம் போல ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறது அல்லவா, செருகும்போது அது 'டக்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் வரும்வரை செருகியதாகக் கணக்கில்லை. பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. நாக்கு உடைந்த வயரை டேப் சுற்றி வைத்துப் பிழைப்பு ஓட்டாதீர்கள். புது வயர் மலிவானது. இழந்த ஆர்டர் மலிவானது அல்ல.

லைனில் இரண்டு கம்பிகள்தான் வேலை செய்கின்றன. எது எந்தப் பக்கம் என்ற கவலை இன்றைய கருவிகளுக்கு இல்லை. மாற்றிக் கொடுத்தாலும் உள்ளே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். செம்பு லைனில் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. ரிசீவரை எடுத்ததும் அது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. அப்போது கம்பியில் ஓடத் தொடங்கும் மின்னோட்டத்தை வைத்துத்தான் 'எடுத்துவிட்டார்கள்' என்று எக்ஸ்சேஞ்ச், அதாவது தொலைபேசி நிலையம் புரிந்துகொள்கிறது. மணி அடிக்கும்போதோ 75 வோல்ட் அளவில் மாறுமின்சாரம் வருகிறது. ரோசட்டைத் திறந்து வெறும் கையால் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாராவது அழைத்தால் கை உதறும். லைனைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

எண் காட்டும் சிறு திரை உள்ள கருவியாக இருந்தால் அடியில் பென்சில் பேட்டரிக்கு இடம் இருக்கலாம். பேட்டரி இல்லாவிட்டாலும் பேசலாம். திரைதான் வேலை செய்யாது. வருடக்கணக்கில் அதே பேட்டரியை விட்டுவைத்தால் கசிந்து, பச்சை பூத்து, கருவியையே தின்றுவிடும். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவித் துடைக்கும்போது அதையும் மாற்றிவிடுங்கள், மறக்காது.

அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும் சுவிட்சுகளில் ஒன்று மணியின் ஓசைக்கு. கூடுதல், குறைவு, நிறுத்தம் என்று மூன்று நிலை இருக்கும். 'மணியே அடிக்கவில்லை' என்று அழைத்த இடங்களில் இந்த ஒரு சுவிட்சைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். இன்னொன்றில் 'டி', 'பி' என்ற எழுத்துகள் இருக்கும். 'டி'யில் வையுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு எண்ணும் இரண்டு ஓசைகளின் கலவையாகப் போகிறது. 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கும். 'பி' என்பது பழைய சுழற்று டயலின் முறை. 5 என்றால் லைனை ஐந்து முறை வெட்டி வெட்டி விடும், நொடிக்குப் பத்து வெட்டு என்ற கணக்கில். அந்தக் காலத்தில் முதலாளி டயலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனால், ரிசீவர் உட்காரும் பொத்தானைத் தாளம் தவறாமல் தட்டியே எண்ணைப் போட்டுவிடும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். இன்று 'பி' நிலையில் கருவி இருந்தால், வங்கிக்கு அழைத்து 'தமிழுக்கு 1-ஐ அழுத்துங்கள்' என்று குரல் சொல்லும்போது நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் அதற்குக் கேட்காது.

கிட்டங்கித் தொலைபேசியைச் சுவரில் மாட்டுங்கள். மூட்டைகள் நடுவே மேஜை எதற்கு? கருவியின் அடியில் சாவித் துவாரம் போல இரண்டு துளைகள் இருக்கும். இரண்டு ஸ்க்ரூவை நெஞ்சு உயரத்தில் அடித்து மாட்டிவிடலாம். மாட்டியதும் ரிசீவர் நிற்காமல் கீழே விழும். 'இது சுவருக்கு ஆகாத கருவி' என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ரிசீவரின் காதுப்பக்கம் உட்காரும் குழியை உற்றுப் பாருங்கள். மேல் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, தனியாகச் செருகியது போலத் தெரியும். அதை மேலே தள்ளிக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் அதே இடத்தில் செருகுங்கள். இப்போது அதன் நுனி ஒரு கொக்கி போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரிசீவரில் அதற்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் மாட்டி நிற்கும். பல மாடல்களில் பல ஆண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு இது.

கல்லாவிலிருந்து கிட்டங்கிவரை வயர் இழுப்பதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டு செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும் தொலைபேசி வயரே வாங்குங்கள். மின்விளக்குக்குப் போடும் வயரில் மிச்சம் இருக்கிறதே என்று அதை இழுக்காதீர்கள். அந்த முறுக்குக்குக் காரணம் உண்டு: பக்கத்து மின் வயரிலிருந்து வரும் தொந்தரவு இரண்டு கம்பியிலும் சமமாக ஏறி, ஒன்றை ஒன்று அழித்துவிடும். முறுக்கு இல்லாவிட்டால் அது 'ங்ங்' என்ற ரீங்காரமாகக் காதில் வந்து உட்காரும். மின் வயரோடு சேர்த்து ஒரே பைப்பில் போடக்கூடாது. ஓர் அடி தள்ளி ஓடட்டும், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் கூட்டல் குறி போல நேர் குறுக்காகக் கடக்கட்டும். மளிகைக் கிட்டங்கியில் எலி இல்லாமல் இருக்காது. அரிசி மூட்டையைக் கடித்த பல்லுக்கு வயர் ஒரு பொருட்டே அல்ல. பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, பைப்பின் வாயையும் அடைத்துவிடுங்கள். நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக இழுங்கள். ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமானால் உள்ளே ஜெல்லி நிரப்பிய சின்ன இணைப்பான்கள் கடையில் கிடைக்கும், அதைப் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு முதல் மழைவரைதான் ஒழுங்காக இருக்கும். ஐப்பசியில் ஈரம் ஏறியதும் பச்சை பிடித்துக் கரகரக்கத் தொடங்கும்.

எல்லாம் செருகிய பிறகு ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். டயல் டோன் என்ற தொடர் ஒலி வந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, ஏதாவது ஓர் எண்ணை அழுத்தி டோனை நிறுத்திவிட்டு, பேசும் முனையில் மெல்ல ஊதுங்கள். உங்கள் மூச்சு உங்கள் காதிலேயே லேசாகக் கேட்க வேண்டும். அது கேட்டால் உங்கள் குரல் லைனில் இறங்குகிறது என்று பொருள். டயல் டோன் இருந்து, மூச்சு கேட்காவிட்டால், முதலில் சுருள் வயரைச் சந்தேகப்படுங்கள்.

எண் போடும் முறையில் இப்போது குழப்பம் அதிகம். மதுரைக்குள் இன்னொரு தரைவழி எண்ணுக்கு 7 இலக்கம் மட்டும் போதும். வெளியூர்த் தரைவழி எண்ணுக்கு அந்த ஊரின் எஸ்.டி.டி. குறியீட்டோடு போட வேண்டும்: திண்டுக்கல்லுக்கு 0451, விருதுநகருக்கு 04562, சென்னைக்கு 044. கைப்பேசிகளை அழைக்க, 2021 ஜனவரி 15 முதல், முன்னால் ஒரு 0 சேர்த்துத்தான் போட வேண்டும். வெறும் பத்து இலக்கம் போடும் பழைய பழக்கத்தில் அழைத்தால் '0 சேர்த்து அழையுங்கள்' என்ற அறிவிப்புதான் கேட்கும். இன்டர்காம் பெட்டி வைத்தால் வெளி லைன் பிடிக்கவே 0 அல்லது 9 போட வேண்டியிருக்கும். 0 என்று வைத்திருந்தால், முதல் 0 பெட்டிக்கு. டோன் மாறியதும் இரண்டாவது 0 கைப்பேசிக்கு. அதன் பிறகு பத்து இலக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இரண்டு பூஜ்யங்களில்தான். ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவில் ஒட்டிவிடுங்கள். விசிட்டிங் கார்டிலும் பில்லிலும் மதுரைக் குறியீடு 0452 சேர்த்தே அச்சடியுங்கள். கைப்பேசியிலிருந்து அழைக்கிறவருக்கு அது இல்லாமல் லைன் கிடைக்காது.

இனி, கிட்டங்கிக்கு மாற்றுவது. இதில் உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, செலவும் அதற்கேற்ப வேறுபடும்.

ஒரே லைனில் இரண்டு கருவிகளையும் சேர்த்துப் போட்டால், அழைப்பு வந்ததும் இரண்டும் சேர்ந்து அடிக்கும். கல்லாவில் எடுத்தவர், 'கிட்டங்கியில் எடு' என்று சத்தம் போட வேண்டும். அங்கே எடுத்தது காதில் தெரிந்த பிறகுதான் இங்கே வைக்க வேண்டும். முந்திக்கொண்டு வைத்துவிட்டால் அழைப்பு அறுந்துபோகும். இருவரும் சேர்ந்து எடுத்திருக்கும்போது குரல் சற்றுத் தாழ்ந்து கேட்பது இயல்பு. கல்லாவிலிருந்து கிட்டங்கியைத் தனியாக அழைக்க இதில் வழி இல்லை. ஒருவர் பேசுவதை மற்றவர் எடுத்துக் கேட்கவும் முடியும். விலை பேசும் தொழிலில் இது நல்லதல்ல.

சிறிய இன்டர்காம் பெட்டி ஒன்று வைத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. கல்லாவுக்கு 21, கிட்டங்கிக்கு 22 என்று எண் கொடுத்துவிடலாம். அப்போதுதான் அந்த ஃப்ளாஷ் பொத்தானுக்கு வேலை வரும். வெளி அழைப்பைக் கல்லாவில் எடுத்துப் பேசுகிறீர்கள். கிட்டங்கிக்குத் தர வேண்டும். 'ஒரு நிமிடம் அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு ஃப்ளாஷை ஒருமுறை அழுத்துங்கள். அவருக்கு இசை கேட்கும், உங்களுக்கு மறுபடியும் டயல் டோன் கேட்கும். 22 போடுங்கள். கிட்டங்கியில் எடுத்ததும், 'மேலூர்க் கடை அண்ணாச்சி லைனில் இருக்கிறார், துவரம்பருப்பு கேட்கிறார்' என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிடுங்கள். இருவரும் இணைந்துவிடுவார்கள். கிட்டங்கியில் யாரும் எடுக்காவிட்டால் மறுபடி ஃப்ளாஷை அழுத்தினால் அண்ணாச்சி உங்களிடம் திரும்பி வருவார். பெட்டிக்குப் பெட்டி இதில் சிறு வேறுபாடு உண்டு. போட்டுக் கொடுக்கிறவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, நீங்களே ஐந்தாறு முறை செய்து பாருங்கள்.

ஃப்ளாஷ் அழுத்தியதும் அழைப்பே அறுந்துபோகிறது, அல்லது ஒன்றுமே நடக்கவில்லை என்ற குறை அடிக்கடி வரும். அதற்குக் காரணம் நேரக் கணக்கு. ஃப்ளாஷ் என்பது லைனை ஒரு கணம் வெட்டிவிட்டுச் சேர்ப்பதுதான். எத்தனை நேரம் வெட்டுவது என்பதைக் கருவியில் 100, 300, 600 மில்லி செகண்டு என்பது போல மாற்றி வைக்கலாம். பெட்டி எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருந்தால் அது கவனிக்காது. கூடினால் 'வைத்துவிட்டார்கள்' என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். இரண்டு கருவிகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துப் பொருந்துகிற அளவில் நிறுத்துங்கள். பொத்தான் இருக்கும்போது ரிசீவர் உட்காரும் பொத்தானை விரலால் தட்டாதீர்கள். விரலுக்கு அந்தக் கணக்கு வராது.

பேச்சை நிறுத்திவிட்டு அப்பாவிடம் விலை கேட்க வேண்டுமென்றால் 'மியூட்' அல்லது 'ஹோல்டு' அழுத்துங்கள். பேசும் முனையைக் கையால் பொத்துவது மறைப்பே அல்ல. 'இவருக்கு இரண்டு ரூபாய் கூட்டிச் சொல்லு' என்பது கை இடுக்கு வழியாக அப்படியே அந்தப் பக்கம் போய்விடும்.

இப்போது உங்கள் இரைச்சல். ஸ்ப்ளிட்டர் சரியாக இருக்கிறது, இருந்தும் கேட்கிறது என்றால் வரிசையாக ஒன்றொன்றாக விலக்கிப் பாருங்கள். முதலில் சுருள் வயரைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். ஆட்டும்போது கரகரத்தால் அந்த வயரை மாற்றினால் போதும். அடுத்து இரண்டு கருவிகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இரைச்சல் கருவியோடு போனால் கருவியில் பழுது. இடத்திலேயே நின்றால் வயரில் பழுது. அடுத்து உள்வயர் முழுவதையும் கழற்றிவிட்டு, ஒரு கருவியை மட்டும் லைன் வந்து சேரும் இடத்தில் நேராகச் செருகுங்கள். அங்கேயும் கேட்டால் அது உங்கள் வேலை அல்ல, லைன் கொடுத்தவரின் வேலை. தைரியமாகப் புகார் எழுதலாம். அங்கே சுத்தமாக இருந்தால் பழுது உங்கள் சுவருக்குள் இருக்கிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வரிசை இல்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கழற்றுகிறவர் மாலைவரை கழற்றிக்கொண்டே இருப்பார்.

மிக எளிய பழுதுதான் மிக அதிக நஷ்டம் கொடுக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடை. சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம், ஊரே துணி எடுக்கும் நேரம். மூன்று நாளாக யாருமே அழைக்கவில்லை, வெளியூர்க்காரர்கள் எல்லாம் 'எப்போதும் என்கேஜ்டு' என்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். சுருள் வயர் அளவுக்கு மீறி முறுக்கேறி, அதன் ஒரு மடிப்பு ரிசீவருக்கு அடியில் சிக்கியிருந்தது. மேலே பார்த்தால் ரிசீவர் ஒழுங்காக உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அடியில் பொத்தான் அரைகுறையாகத்தான் அமுங்கியிருந்தது. எடுத்ததும் டயல் டோன் வராது, இரண்டு தட்டுத் தட்டினால் வந்துவிடும். அதனால் கடையில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. அந்த முதலாளி ஒன்றும் பேசாமல் மூன்று நாள் ஆர்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வாரம் ஒருமுறை கருவியை ஒரு கையில் தூக்கி, ரிசீவரை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். அதுவாகவே சுற்றிச் சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொண்டு நிற்கும். அரை நிமிட வேலை.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பு லைனில் கரண்ட் போனாலும் தொலைபேசி பேசும், ஏனென்றால் அதற்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து அதே கம்பி வழியாக வருகிறது. ஃபைபர் அப்படி இல்லை. அது கண்ணாடி இழை, வெளிச்சத்தை மட்டுமே கொண்டுவரும். சுவரில் இருக்கும் பெட்டி அணைந்தால் தொலைபேசியும் அணையும். அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. அதற்கென்றே சிறு யு.பி.எஸ். விற்கிறார்கள். உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். இன்டர்காம் பெட்டிக்கும் இதே கவனம் வேண்டும்.

இடி இடிக்கும்போது வயர் உள்ள தொலைபேசியில் பேசாதீர்கள். கம்பத்திலிருந்து செம்புக் கம்பி வந்தால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கு இங்கே இடி பலமாக இருக்கும். வானம் கறுத்ததும் லைன் வயரைக் கழற்றிவிடுங்கள். ஃபைபர் பெட்டியானாலும் அடாப்டரை உருவிவிடுங்கள். மின் வயர் வழியாக வந்து அடிப்பதற்கு அதுதான் பாதை.

அழைப்பை எடுக்கும்போது முதல் மணி முடிந்து இரண்டாவது மணி தொடங்கட்டும். பல லைன்களில் அழைக்கிறவரின் எண் அந்த இடைவெளியில்தான் வருகிறது. பாதி மணியில் எடுத்தால் திரையில் எண் பதியாது. எடுத்ததும் 'ஹலோ, யாரு' என்று கேட்காமல், கடையின் பெயரைச் சொல்லி 'வணக்கம்' சொல்லுங்கள். பேசும் முனை உதட்டிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி இருந்தால் போதும், கத்த வேண்டாம். பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்றும், நூலில் கட்டிய பேனா ஒன்றும் இருக்கட்டும். ஊர், பெயர், சரக்கு, அளவு, எழுதியவர் என்று ஐந்து பத்திகள் போதும். 'அப்பா இல்லை, அப்புறம் கூப்பிடுங்கள்' என்று சொல்லி வைத்துவிட்டால் அவர் அடுத்த கடையைக் கூப்பிடுவார். 'எழுதிக்கொண்டேன் அண்ணாச்சி, பத்து நிமிடத்தில் நாங்களே அழைக்கிறோம்' என்று சொல்லி, சொன்னபடி அழையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்று செய்யுங்கள். காலை பதினொரு மணிக்கு, லாரியில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது, உங்கள் கைப்பேசியிலிருந்து கடைக்கு அழையுங்கள். கல்லாவில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடிக்கவிட்டபடியே கிட்டங்கியின் கடைசி வாசல்வரை நடந்து போங்கள். அங்கே நின்று, அந்தச் சத்தத்துக்கு நடுவில் மணி உங்கள் காதுக்குக் கேட்கிறதா பாருங்கள். கேட்கவில்லை என்றால் அடியில் இருக்கும் சுவிட்சைக் கூடுதலில் தள்ளுங்கள். அப்போதும் கேட்காவிட்டால் லைனிலேயே சேர்க்கக்கூடிய தனி மணி ஒன்று மின்கடைகளில் கிடைக்கும். அதை வாங்கிக் கடைசி வாசலுக்கு மேலே மாட்டிவிடுங்கள்.